பனைக்கு ஆணிவேர் உண்டா, இல்லையா?

முறிகண்டியான்:
எங்கள் குளக்கட்டில் மாரிக்கு முன்னர் ஆயிரம் பனம்விதை ஊன்றப் போவதாக ‘வடலி’ நேற்று இங்கே விடுத்த அழைப்பை வாசித்தேன். விதை ஊன்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதிலிருந்த ஒரு வசனத்தை என்னால் விழுங்க முடியவில்லை. ‘பனையின் ஆணிவேர் மழைநீரைக் குழாய் போல நிலத்தின் அடிவரை இறக்குவதால், பத்துப் பனை நிற்கும் வளவில் கிணறு வற்றாது’ என்று எழுதியிருக்கிறார். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை முப்பத்தொரு ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராகச் சைக்கிளில் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பனைக்கு ஆணிவேர் இல்லை. பனை ஒருவித்திலைத் தாவரம். நெல்லுக்கு இருப்பது போன்ற நார்வேர்த் தொகுதிதான் பனைக்கும். பருமன் மட்டுமே வேறு. இல்லாத ஆணிவேர் எந்த நீரை எங்கே இறக்கும்?

வடலி:
ஐயா, வணக்கம். பூநகரியில் என் அம்மம்மாவோடு தை மாதத்தில் பனங்கிழங்குப் பாத்தி கிண்டி வளர்ந்தவன் நான். அலவாங்கால் மண்ணை இளக்கி, ஒன்றரை அடி ஆழத்திலிருந்து கிழங்கை இழுக்கும்போது, அதன் கூர்நுனியிலிருந்து ஒரு வேர் நேரே கீழே இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பல தடவை அது அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். பக்கவாட்டில் போகாமல், செங்குத்தாகக் கீழே போகும் அந்த வேர் ஆணிவேர் இல்லையென்றால் அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன? அலுவலகக் கோப்பில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்று ஆகிவிடாது.

முறிகண்டியான்:
தம்பி, கோப்பை இழுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது முளை. முளை வேறு, ஆணிவேர் வேறு. பனைக்கு ஆணிவேர் இல்லை.

கறுக்குமட்டை:
ஆணிவேர் இல்லாத மரம் சோளகக் காற்றுக்கும் புயலுக்கும் அசையாமல் நிற்கிறது. ஆணிவேர் உள்ள வாகை முதல் காற்றிலேயே வீதிக்குக் குறுக்கே படுத்துவிடுகிறது. 1964 மார்கழிப் புயலில் எங்கள் வளவில் கூரையும் போய், முருங்கையும் போய், பனைகள் மட்டுமே மிஞ்சின என்று பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பனைகளுக்கு உங்கள் பாடப்புத்தகத்தை வாசிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலும்.

முறிகண்டியான்:
பனை சாயாமல் நிற்பதற்குக் காரணம் நூற்றுக்கணக்கான வேர்கள் எல்லாப் பக்கமும் மண்ணைக் கட்டிப் பிடித்திருப்பதும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும் நாரால் ஆன உடலுமே. மிதிவெடி அகற்றப்பட்ட பின்னர் வீதியை அகலிக்கும்போது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் புரட்டிப்போட்ட பனையின் அடியை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரிய தும்புக்கட்டைத் தலைகீழாக வைத்தது போல, பெருவிரல் தடிப்பிலும் அதற்குக் குறைவாகவும், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமான வேர்கள் கும்பலாக இருந்தன. நடுவில் ஆணியும் இல்லை, ஆப்பும் இல்லை. நம்பாதவருக்காக அன்று எடுத்த படத்தையும் இத்துடன் இணைக்கிறேன்.

வடலி:
படத்துக்கு நன்றி, ஐயா. அந்த அடியின் நடுப்பகுதி முறிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. பெக்கோ அறுத்ததால் ஆணிவேர் நிலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊமல்:
நான் உயிரியல் கற்பிப்பவள். முதலில் ஆணிவேர் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை இருவரும் எழுதினால் இந்த வாதம் பாதியாகக் குறையும். பனம்விதை முளைக்கும்போது வித்திலையின் காம்புப் பகுதி குழாயாக நீண்டு நிலத்துக்குள் இறங்குகிறது. அதன் ஒரு முனை விதைக்குள்ளேயே நின்று உணவை உறிஞ்சுகிறது. முளைத்த பனங்கொட்டையான ஊமலை வெட்டி நாம் தின்னும் பூரான் அதுதான். மறுமுனையில் முளைத்தண்டும் முளைவேரும் இருக்கின்றன. பின்னர் அங்கே முதல் இலையுறைகள் மாப்பொருள் சேர்ந்து பருத்துக் கிழங்காகின்றன. கிழங்கின் அடியிலிருந்து இறங்கும் முதல்வேர் சிறிது காலமே தொழிற்படும். தண்டின் அடியிலிருந்து பிறக்கும் இடம்மாறிப் பிறந்த வேர்களே பிறகு மரத்தை ஆயுள் முழுவதும் தாங்குகின்றன. ஆகவே கன்றில் ஒன்று, மரத்தில் இன்னொன்று.

வடலி:
டீச்சருக்கு மிக்க நன்றி. முதல்வேர் உண்டு என்று ஓர் ஆசிரியையே சொல்லிவிட்டார். ஐயா இனியாவது ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

முறிகண்டியான்:
டீச்சர் நான் சொன்னதையே சற்று அலங்காரமாகச் சொல்லியிருக்கிறார். மரத்துக்கு ஆணிவேர் இல்லை.

ஊமல்:
நீங்கள் இருவரும் சொன்ன எதையும் நான் சொல்லவில்லை.

குளக்கட்டு:
கமக்காரர் அமைப்பில் இருப்பவன் என்பதால் எனக்கு வேறொரு கவலை. ஆணிவேரோ நார்வேரோ, மண்ணால் கட்டிய குளக்கட்டின் மேல் மரம் நடலாமா? மரம் பட்டால் வேர் உக்கும். உக்கிய இடத்தில் துளை விழும். குளம் நிறைந்து நிற்கும் நாளில் அந்தத் துளையால் நீர் கசியத் தொடங்கினால் கட்டு அறுத்துக்கொண்டு போகும். நீரைத் திறந்துவிடும் மதகான துரிசைச் சுற்றி ஒரு நாளும் நடக்கூடாது. குளத்து நீர் அலையடிக்கும் கரையான அலைகரைக்கு மேற்புறத்தில், அல்லது வயல் வரம்புக்கு வெளியே வேலியோரத்தில் நட்டால் சோளகத்தையாவது மறிக்கும். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கறுக்குமட்டை:
கட்டுக்குக் கீழே நிற்கும் மருதுகள் யார் வைத்தவை? அவை கட்டை அறுத்தனவா?

குளக்கட்டு:
மருது நிற்பது கட்டுக்குக் கீழே, ஈரத்தில். நான் கேட்டது கட்டின் மேல். வாசித்துவிட்டு எழுதுங்கள்.

முறிகண்டியான்:
கட்டு விடயத்துக்குப் பிறகு வருவோம். அடிப்படைப் பிழை திருத்தப்படாமல் கிளைகளைப் பேசிப் பயனில்லை. கிணறு வற்றாது என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்குகிறேன். வன்னியின் பெரும்பகுதியில் மேல் மண்ணுக்குக் கீழே கடும்பாறை இருக்கிறது. அதற்கு மேல் உக்கிய பாறைப் படை ஒன்று, பெரும்பாலும் 10 மீற்றருக்குள், இருக்கிறது. எங்கள் வளவுக் கிணறுகள் அந்தப் படையில் தேங்கிய நீரையே நம்பியிருக்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதே ஆண்டு மழையின் பெரும்பங்கு; அது குளத்தில் நின்று, மெல்லக் கசிந்து, கிணற்றுக்கு வருகிறது. குளத்தில் நீர் நின்றால் கிணற்றில் நீர் நிற்கும். ஆடி, ஆவணியில் குளம் வற்றினால் கிணறும் கீழே போகும். இதில் பனையின் ஆணிவேருக்கு எந்த வேலையும் இல்லை, ஏனென்றால் பனைக்கு ஆணிவேர் இல்லை. குளத்தைத் தூர்வாராமல் பனம்விதை ஊன்றிவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வடலி:
வன்னி முழுவதும் கடும்பாறை என்று பாடம் நடத்துகிறீர்கள். முருங்கன் பக்கத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கீழே சுண்ணக்கல். பூநகரி மணலும் உங்கள் மாங்குளத்துச் செம்மண்ணும் ஒன்றா? வன்னி என்றால் கண்டி வீதியின் இரு பக்கமும் மட்டுமே என்று நினைப்பவர்களோடு நாங்கள் எப்போதும் இப்படித்தான் மாரடிக்க வேண்டியிருக்கிறது.

முறிகண்டியான்:
‘பெரும்பகுதியில்’ என்று எழுதினேன். ‘முழுவதும்’ என்பது உங்கள் கற்பனை. அந்த ஆணிவேரைப் போலவே.

தூரதேசத்தான்:
நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். போன ஆடியில் ஊருக்கு வந்தபோது எங்கள் காணியில் ஒன்றைக் கவனித்தேன். 2009 இல் எறிகணைத் துண்டு துளைத்த பனை இன்றும் அதே துளையோடு நிற்கிறது. துளைக்குள் ஒரு கிளி குஞ்சு பொரித்திருந்தது. அதே நாளில் காயம்பட்ட வேம்போ மரப்பட்டையால் காயத்தை மூடிக்கொண்டு, இப்போது ஒரு தழும்பு மட்டுமே தெரிகிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஊமல்:
வேம்பில் மாறிழையம் (தண்டைத் தடிக்கச் செய்யும் வளர் இழையம்) உண்டு. அது ஆண்டுதோறும் புதிய கலங்களை ஆக்கி, காயத்தின் ஓரங்களிலிருந்து வளர்ந்து மூடுகிறது. பனையில் அது இல்லை. ஆகவே பனை தடிப்பதும் இல்லை, காயத்தை மூடுவதும் இல்லை.

முறிகண்டியான்:
கேட்டீர்களா? மாறிழையம் இல்லை, தடித்து வைரமேறும் ஆணிவேரும் இல்லை. தமிழருக்கு இது புதிய செய்தியும் அல்ல. ‘புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. வெளியே காழ் எனப்படும் கடினமான வைரமும் உள்ளே மென்மையான சோறுமாக இருக்கும் பனை, தொல்காப்பியருக்குப் புல். புல்லில் ஆணிவேர் தேடும் பெருமை எங்கள் வடலித் தம்பிக்கே உரியது.

வடலி:
தொல்காப்பியர் வைரம் எங்கே இருக்கிறது என்றுதான் சொன்னார். வேரைப் பற்றி அந்த அடிகளில் ஒரு சொல்லும் இல்லை. கூரைக்குப் பனை வளை போட்ட வீட்டில் பிறந்த எவருக்கும் வெளிவைரம் தெரியும். அதற்கு நூற்பா தேவையில்லை. கேட்டது வேர், காட்டியது தண்டு.

கறுக்குமட்டை:
புல் என்றால் இனிப் பனையை மாட்டுக்குப் போடலாம்.

முறிகண்டியான்:
காய்ச்சலில் பேசுபவருக்குப் பதில் எழுதமாட்டேன். வடலியிடம் ஒன்று கேட்கிறேன். கடந்த ஆண்டு பாதீனியம் ஒழிக்கப் போகிறோம் என்று புறப்பட்ட குழுவும் உங்களுடையதுதானே? 1987 இல் வவுனியாவில் முதன்முதல் இனங்காணப்பட்ட அந்தக் களை ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கான விதைகளை ஆக்கும். பூக்கும் முன்னர் பிடுங்க வேண்டும் என்று இங்கேயே எழுதினேன். நீங்கள் பூத்து முடிந்த பிறகு பிடுங்கி, மூடாத உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, சந்தியிலிருந்து பாடசாலை வரை வழியெங்கும் விதைத்துக்கொண்டு போனீர்கள். அந்த வீதியின் இரு பக்கமும் இந்த மாரியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதே கைகள் இப்போது பனையின் வேர் பற்றிப் பாடம் சொல்கின்றன.

வடலி:
அந்தப் பிழையை நாங்கள் அன்றே ஒப்புக்கொண்டோம். நீங்கள் ஒப்புக்கொள்ளாத பிழை ஒன்றும் இருக்கிறது. எண்பதுகளில் வேலிக்கும் மாட்டுக்கும் உகந்தது என்று வீடு வீடாக விதை கொடுத்த இப்பில் இப்பில் மரம் இன்று எங்கள் வாய்க்கால் கரை முழுவதையும் பிடித்து நிற்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அதன் ஆணிவேரை ஒரு முறை கிண்டிப் பாருங்கள், ஐயா. ஆணிவேர் என்றால் என்ன என்று தெரிந்துவிடும்.

முறிகண்டியான்:
மிக நன்று. இப்பில் இப்பிலின் ஆணிவேர் எப்படி இருக்கும் என்று தெரிந்த உங்களுக்கு, பனையில் அது இல்லை என்பது மட்டும் ஏன் தெரியவில்லை? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. விதை கொடுத்தது அன்றைய திட்டம்; நான் கொடுத்தது கட்டளையின்படி.

தூரதேசத்தான்:
இவ்வளவு சண்டை எதற்கு? இரண்டு குழாய்க்கிணறு அடிக்க நான் பணம் அனுப்புகிறேன்.

குளக்கட்டு:
அனுப்பாதீர்கள். ஊரில் அடித்த ஒவ்வொரு குழாய்க்கிணறும் பக்கத்து வளவுக் கிணற்றை இரண்டு அடி கீழே தள்ளியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆழமாகத் தோண்டுவதற்கே காசு அனுப்புகிறீர்கள். குளத்தைத் தூர்வார அனுப்பியதை நான் இதுவரை காணவில்லை.

தூரதேசத்தான்:
உதவ வந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை இது. இனி இந்தப் பக்கம் எழுதமாட்டேன்.

முறிகண்டியான்:
பேச்சை மாற்ற வேண்டாம். நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வருகிறேன். வடலியின் வளவில் ஏழெட்டு வயது இளம்பனை (வடலி) ஒன்று நிற்பது எனக்குத் தெரியும். சுற்றிவர நாலடி கிண்டுவோம். எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும்.

வடலி:
அது நான் பாடசாலை நாட்களில் ஊன்றிய விதை. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். நான் பார்ப்பதற்கு முன்னரே அதை நீங்கள் கிண்டிவிடப் பார்க்கிறீர்கள். என் வளவுக்குள் மண்வெட்டியோடு யாரும் வர வேண்டாம்.

முறிகண்டியான்:
ஆணிவேர் உண்டு என்று உறுதியாக நம்புபவர் குழியைக் கண்டு ஏன் பயப்படுகிறார்?

கறுக்குமட்டை:
ஐயாவின் வளவிலும் ஒரு பனை நிற்கிறதே. அதைக் கிண்டினால் என்ன?

முறிகண்டியான்:
அது அறுபது வயதுப் பனை. அதைக் கிண்ட முடியாது. தேவையும் இல்லை, அதற்கு ஆணிவேர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஊமல்:
பாத்தியில் ஒரு கிழங்கும் பெக்கோ புரட்டிய ஒரு அடியும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எதையும் புதிதாகக் கிண்டத் தேவையில்லை.

வடலி:
டீச்சர், பெக்கோ அறுத்த அடியை நான் சான்றாக ஏற்கவில்லை என்று முன்னரே எழுதிவிட்டேன்.

குளக்கட்டு:
நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள். போன கிழமை சேர்த்த ஆயிரம் விதையும் துரிசடியில் பதினொரு சாக்கில் கிடக்கின்றன. நேற்று இரவு பெய்த மழையில் சாக்கு நனைந்து, இன்று காலை பார்க்கும்போது சில விதைகளில் வெள்ளை வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, சாக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு நாளில் எடுக்காவிட்டால் சாக்கோடு நிலத்தில் ஊன்றிவிடும். கட்டில் நடுவதா, அலைகரையில் நடுவதா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. யார் வருகிறீர்கள்?

முறிகண்டியான்:
சாக்கைத் துளைத்து வெளியே வந்திருப்பது முளை. அதையும் ஆணிவேர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.