பொருள்: படகின் உள்மூலைப் பசைக்கு ஒரு சொல் – ‘அணைப்பு’

குழுமத்தாருக்கு வணக்கம்ங்க.

போன வாரம் ‘ஃபில்லெட்’ (படகின் உள்மூலையில் வளைவாக இழுத்துவிடும் பசைக்கோடு) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உள்வளைவு, மூலைப்பூச்சு, கலப்பத்து என்று மூன்று சொற்கள் வந்தன. ‘ஃபில்லெட் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வாயில் போட்டுப் புழங்கிப் பார்த்தோம். இப்போது என் கையில் வேறொரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் பொருளைச் சொல்லிவிடுகிறேன். போன மடலில் நான் சரியாக விளக்காததால்தான் இரண்டு பேர் அதை ஓட்டை அடைக்கும் மக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மஞ்சள் கொட்டகையில் நானும் இரண்டு நண்பர்களும் 11 அடி நீளத்தில் ஒரு துடுப்புப் படகு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஐஎஸ் 710 தர முத்திரை போட்ட 6 மி.மீ. மரைன் பிளைவுட். தாள் 8 அடிதான் என்பதால் இரண்டைச் சரிவாகச் சீவி ஒட்டி நீட்டிக்கொண்டோம். அடிப்பலகை, பக்கப்பலகை எல்லாம் வரைபடப்படி தட்டையாக வெட்டி, ஓரங்களில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, செம்புக்கம்பி கோத்து முறுக்க வேண்டும். அச்சு, சாரம் எதுவும் வேண்டாம். தரையில் கிடந்த பலகைகள் கம்பியை முறுக்க முறுக்கத் தாமாக எழும்பி, வளைந்து, அணியம் (படகின் முன்முனை) கூராகி நிற்கும். எங்களுக்கு அது ஒரே நாள் மாலையில் நடந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் படகைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

இந்த முறையை உலகமெங்கும் வீட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனது ‘மிரர்’ என்ற 10 அடி 10 அங்குலப் பாய்ப்படகு. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் சேர்ந்து உருவாக்கி, 1963-இல் இங்கிலாந்தின் டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவோடு வந்தது. அதனால்தான் அந்தப் பெயர். 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. தச்சு வேலை கற்காதவர்களும் சமையலறைக் கருவி மாதிரி நாலைந்து சாமான்களை வைத்துக்கொண்டு படகு கட்டலாம் என்று காட்டியது அதுதான்.

சரி, இப்போது மூலைக்கு வருவோம். இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் அவை ஒன்றையொன்று தொடுவது ஒரு கோட்டளவுதான். 6 மி.மீ. பலகையின் ஓரத்தில் பசை பிடிக்க எவ்வளவு இடம் இருந்துவிடும்? அதனால் எபாக்சி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசையில் மரமாவும் சிலிக்கா தூளும் கலந்து கெட்டியாக்கி, உள்பக்கத்து மூலை நெடுகிலும் வைத்து, முனை உருண்ட கரண்டியால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கரண்டி போன தடத்தில் பசை இரண்டு பலகைகள் மேலும் ஏறி, நடுவில் குழிந்து, ஒரு வாய்க்கால் போல நிற்கும். அதற்கு மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டுவோம். கூரான மூலையில் நாடா மடங்கி உட்காராது, அடியில் காற்று தங்கிவிடும். குழிந்த வளைவில் படிந்து உட்காரும். பாரம் வரும்போது இழுவிசை ஒரே கோட்டில் குவியாமல் அகலமாகப் பரவிப்போகும். பழைய பலகைப் படகில் விலா எலும்பு போல நின்ற வங்குக்கால்கள் செய்த வேலையில் பெரும்பங்கை இங்கே இந்தப் பசைக்கோடுதான் செய்கிறது. இதை மக்கு என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இனி வந்த சொற்கள்.

‘உள்வளைவு’ வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. அதிலிருந்து வினை பிறக்காது. ‘உள்வளைவு போடு’ என்று சொல்லிப் பார்த்தோம். பலகையை உள்பக்கமாக வளைக்கச் சொல்கிறேன் என்று நினைத்து நண்பர் கம்பியை இறுக்கப் போய்விட்டார்.

‘மூலைப்பூச்சு’ கேட்டவுடனே புரிகிறது. மொட்டை மாடியில் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கொத்தனார் வளைத்துப் பூசுவது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பூச்சு என்பது மேலே போடுவது. சுரண்டி எடுத்தாலும் சுவர் நிற்கும். இதைச் சுரண்டினால் படகு நிற்காது.

‘கலப்பத்து’ சொன்ன தூத்துக்குடி அண்ணனுக்கு நன்றி. அந்தச் சொல்லே மறந்துபோகாமல் இருப்பது கடற்கரைக்காரர்களால்தான். ஆனாலும் கலப்பத்து என்பது பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து, எண்ணெய்ப்பிசின் வைத்துத் தண்ணீர் நுழையாமல் அடைப்பது. அங்கே பலகைகளைப் பிடித்துவைத்திருப்பவை ஆணியும் வங்கும். நம் பொருள் தண்ணீரையும் தடுக்கிறது, பலகையையும் தாங்குகிறது. கலப்பத்து என்று இதற்குப் பெயர் வைத்தால், பழைய மரப்படகு ஒன்றைச் செப்பனிட உட்காரும் ஆளுக்கு நாளைக்கு இரண்டு வேலைகளும் ஒன்றாகிவிடும். அந்தச் சொல் அந்த வேலைக்கே இருக்கட்டும்.

நம் பக்கத்துப் பரிசல்காரர்களிடம் சொல் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் முதலில் அந்த ஆசைதான். ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்ப்பரப்பிலும் மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்காலத்தில் தோலும் இப்போது தார்ப்பாயோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, மேலே தார் பூசுகிற பரிசலை எத்தனை தடவை பார்த்திருப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள், பரிசலுக்கு மூலையே கிடையாது. வட்டமான கூடை அது. மூலை இல்லாத படகில் மூலைக்கான சொல் எப்படிப் பிறக்கும்? கட்டுமரமும் அப்படித்தான், கட்டையோடு கட்டையைச் சேர்த்துக் கட்டுவது.

சொல் கடைசியில் காட்டிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பசை இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். ஏரா (படகின் அடிமுதுகுக் கட்டை) ஓடவேண்டிய நடுக்கோட்டில் இரண்டு பக்கமும் ஏறி நின்ற பசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மஞ்சக்காட்டுல மண்ணணைச்ச மாதிரியே இருக்குது கண்ணு.”

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். மஞ்சளுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் நாம் மண் அணைக்கிறோம். எதற்கு? கிழங்கு வெளியே தெரிந்து வெயில் படக்கூடாது, தூர் காற்றுக்குச் சாயக்கூடாது. அடியில் மண்ணை இழுத்து, சரிவாக ஏற்றி, நிற்கிற ஒன்றை நிற்கவைக்கிறோம். படகின் மூலையில் நாங்கள் செய்துகொண்டிருந்ததும் அச்சு அசலாக அதே வேலை. தண்ணீரைத் தடுக்கும் அணையும் அதே வேரில் இருக்கிறது. பவானிசாகர் தண்ணீரில் விவசாயம் பண்ணுகிறவனுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே என் முன்மொழிவு: அணைப்பு. வேலையைச் சொல்ல ‘பசை அணைத்தல்’. இதில் எனக்குப் பெரிய நிறைவு, சொல் குட்டி போடுகிறது என்பதுதான். அணைப்புக் கரண்டி, அணைப்புப் பசை, அணைப்பு ஆரம் எல்லாம் இழுத்தவுடன் வருகின்றன. ‘இந்தப் பக்கம் அணைச்சாச்சா?’ என்று கேட்டால் கொட்டகையில் யாரும் திரும்பிப் பார்த்து ‘என்ன?’ என்று கேட்பதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பசை எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்பதற்கு வெளிநாட்டுக் கையேடுகளில் அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டங்களை உவமை சொல்லியிருக்கிறார்கள். பதம் என்ற சொல்லையே வைத்திருக்கும் நமக்கு அது எதற்கு? பலகையில் ஊறவிடும் வெறும் எபாக்சி எண்ணெய்ப்பதம். ஓரங்களை ஒட்டுவதற்குக் கெட்டித்தயிர்ப் பதம். அணைப்புக்கு வடைமாவுப் பதம்: கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, இழுத்த இடத்திலிருந்து வழியவும் கூடாது. எங்கள் வீட்டில் உளுந்து ஆட்டுகிறவர்கள் முதல் தடவையிலேயே சரியாகக் கலக்கினார்கள். நான் மூன்று தடவை வழியவிட்டேன்.

புதிதாக இறங்குகிறவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில், கொட்டகைக்குள் 38 டிகிரி இருந்தபோது, ஒரு குவளை நிறையப் பசை கலந்துவிட்டு நாடா வெட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் குவளை கையில் பிடிக்க முடியாத சூடு. புகைந்து, நெளிந்து, உள்ளே பசை கல்லாகிவிட்டது. எபாக்சி இறுகும்போது தானே சூட்டைக் கிளப்பும். குவளையில் குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். அகலமான தட்டில் பரப்பிவைத்தால் நேரம் கிடைக்கும். இப்போது நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கலந்து, வெயில் ஏறுவதற்குள் அணைத்து முடித்துவிடுகிறோம்.

பலகைகளைக் கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டிக் கட்டும் இந்த முறைக்கு நான் எழுதியிருந்த ‘தைத்தொட்டு முறை’ என்ற பெயருக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைப் பதிந்துவைக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைவாயைக் கடக்க ஓடிய மசூலாப் படகும் தைத்த படகுதான். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்ததால்தான் அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுத்தது. அங்கே தையல்தான் உயிர். இங்கே தையல் பசை இறுகும் வரைக்கும் பிடித்துக்கொள்ளும் கை. இறுகியதும் கம்பியைச் சால்டரிங் இரும்பால் சூடாக்கி உருவிவிடுவோம். ஆகவே ‘தையல் படகு’ என்று சுருக்கிவிட வேண்டாம், ‘தைத்தொட்டு’ என்றே இருக்கட்டும்.

‘ஃபில்லெட்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற நண்பருக்கு: பிளைவுட், எபாக்சி என்று நானே எழுதுகிறேன். கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். ஆனால் அணைப்பு கடையில் வாங்கும் பொருள் இல்லை, கையால் செய்யும் வேலை. கை செய்கிற வேலைக்கு வாயில் சொல் இருந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியும்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.
கோபியிலிருந்து

*

மறுமொழி:

வணக்கம் தம்பி. கோவையில் எனக்கு பேட்டர்ன் பட்டறை. பம்பு வார்ப்புகளுக்கு மர அச்சு செய்கிறோம். எங்களிடமும் இந்தச் சங்கதி உண்டு. அச்சின் உள்மூலைகளில் மெழுகோ மக்கோ வைத்து வளைத்துவிடுவோம். கூரான மூலையாக விட்டால் உலோகம் ஆறும்போது அந்த இடத்தில் விரிசல் விடும். பட்டறையில் ‘ரேடியஸ் குடு’ என்போம். உங்கள் ‘அணைப்பு’ அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் லேத்தில் தண்டு கடையும்போது படியின் அடியில் வளைவு விடுகிறார்களே, அங்கே யாரும் எதையும் வைப்பதில்லை. கடையாமல் மிச்சம் விடுவதுதான். அதையும் அணைப்பு என்பீர்களா?

இன்னொன்று, விளக்கை அணைப்பது, குழந்தையை அணைப்பது என்று ஏற்கெனவே இத்தனை பொருள் உள்ள சொல்லில் இன்னும் ஒன்றை ஏற்றலாமா?

*

மறுமொழி:

அண்ணா, லேத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி. அது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே அணைப்பு பொருந்தாது. மண் போடாத பாத்தியை மண்ணணைத்த பாத்தி என்று சொல்ல முடியாதல்லவா? நான் தள்ளிவைத்த ‘உள்வளைவு’க்கு அங்கேதான் இடம். வடிவம் மட்டும் பேசுகிற இடத்தில், வரைபடத்தில், கடைசலில், உள்வளைவு. பொருளை வைத்து இழுத்துத் தாங்கச் செய்கிற இடத்தில், படகிலும் உங்கள் அச்சிலும், அணைப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை. உள்வளைவு சொன்ன ஐயாவிடம் நான் அவசரப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பல பொருள் பற்றி: மண்ணணைப்பது என்று மஞ்சள்காட்டில் நின்று சொன்னால் யாரும் விளக்கைத் தேடுவதில்லை. ‘பசை அணைப்பு’ என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு அணைப்பு என்று மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

இந்த ஞாயிறு வெளிப்புற நாடா ஒட்டுகிறோம். தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் மிதக்கவிட்டுப் பார்த்த பிறகு, ஆற்றிலோ அணையிலோ இறக்க முறையாக அனுமதி கேட்போம். வர முடிந்தால் விடியற்காலையிலேயே வாருங்கள் அண்ணா, உங்கள் மெழுகுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு. துடுப்புத்தாங்கி அடியில் ஒரு மூலை ரொம்பக் குறுகலாக இருக்கிறது. எங்கள் கரண்டி அதற்குள் போகவில்லை.