'டோஸ்' தமிழில் என்ன? திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது

தஞ்சாவூர் ஆசிரியை எழுதியது:
வணக்கம். எக்ஸ்ரே டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கையேடு ஒன்று தயாராகிறது. பழைய குறிப்பில் டோஸ் என்பதற்கு 'மருந்தளவு' என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு பையன், "எத்தனை எம்எல் மிஸ்?" என்கிறான். எனக்கு மூன்று சொல் வேண்டும். காற்றில் அளக்கிற எக்ஸ்போஷர். உடம்பு கிலோவுக்கு எத்தனை ஜூல் வாங்கியது என்ற கிரே கணக்கு. கதிரின் வகையையும் உறுப்பையும் பார்த்து எடை போட்ட சீவர்ட் கணக்கு. 'கதிரளவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

திருவாரூர்:
வேண்டாம் அம்மா. எங்கள் பக்கம் கதிர் என்றால் நெல்தான். அட்டையில் 'கதிர்ப் பாதுகாப்பு' என்று போட்டால் புகையானுக்கு மருந்து கேட்டு ஆள் வந்துவிடும். பள்ளிப் பாடத்தில் 'படுகதிர்' இருக்கிறதே, அந்த வழியில் 'படுவளவு' என்போம்.

மன்னார்குடி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
படு + அளவு, வகர உடம்படுமெய், புணர்ச்சியில் குறையில்லை. பொருள்தான் இடிக்கிறது. நடுகல்லில் 'பட்டான்' என்றால் செத்தவன். எக்ஸ்ரே எடுக்க வந்தவனிடம் படுவளவு என்று சொல்வீர்களா? 'துய்ப்பளவு' என்பது என் பரிந்துரை. வினைப்பயனை உயிர் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் துய்த்தே தீர வேண்டும் என்பது சித்தாந்தம். துய், தூய், தூ என்று இந்த வேரைத் தேடிக்கொண்டு போனால்... அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மயிலாடுதுறை (எக்ஸ்ரே அறை):
ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் வாங்கிய கதிர்வீச்சைப் பதிவு செய்ய உடையில் மாட்டிக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு, "இந்தத் தடவை டோஸ் எவ்வளவு வந்திருக்கு?" என்றுதான் கேட்போம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு வைத்த வரம்பு ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட். அதில் எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. இந்த வரியைப் படிக்கிற பையன் அகராதியைத் தேடாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும். 'டோஸ்' என்றே விட்டால் என்ன குறைந்துவிடும்?

கும்பகோணம் (இயற்பியல்):
டோஸ் என்று விட்டால் அந்த எம்எல் கேள்வி திரும்ப வருமே, தம்பி. 'ஏற்பளவு' எப்படி? பேச்சில் "எவ்வளவு வாங்கினே" என்கிறோம், அதன் எழுத்து வடிவம். எக்ஸ்போஷருக்கு 'ஆட்படுதல்' போதும். 'ஏற்பளவு வீதம்' என்றும் நீட்டலாம். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது சுலபம்: மேட்டூரில் திறந்துவிடுவது விநாடிக்கு இத்தனை கனஅடி, அது வீதம், மொத்தமாக எத்தனை டிஎம்சி வந்தது என்பது ஏற்பளவு. சுவரில் மாட்டிய மானி மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று காட்டும். பேட்ஜ் சொல்வது மூன்று மாத மொத்தம்.

மன்னார்குடி:
ஏற்பு என்றால் இசைவு. ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும், அதிலும் பெரும்பங்கு ரேடான் என்ற வாயுவிலிருந்து, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறதாம். அவன் எதற்கு இசைந்தான்? ஔவை இகழ்ந்த 'ஏற்றல்' பிச்சை எடுப்பது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தஞ்சாவூர்:
ஐயா, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் மூன்றாவதாகக் கேட்ட சீவர்ட் கணக்கு, அதாவது எஃபெக்டிவ் டோஸை, 'பயனுறு ஏற்பளவு' என்று போட்டுவிடவா?

திருவாரூர்:
பயனுறு என்றால் நல்லது செய்வது என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள் என்று நோயாளியே கேட்பார். 'விளைவு ஏற்பளவு' என்று போடுங்கள்.

கும்பகோணம்:
சரி. ஆனால் ஈக்விவலன்ட் டோஸுக்கு, அதாவது கதிரின் வகையை மட்டும் பார்த்து ஓர் உறுப்புக்குப் போடும் சீவர்ட் கணக்குக்கு, யாரும் மெனக்கெட வேண்டாம். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கொண்டுவந்த 147-ஆம் வெளியீட்டில், பாதுகாப்புக் கணக்குக்கு அந்த அளவே தேவையில்லை, உறுப்புகளுக்கான வரம்பைக் கிரேயில் சொல்வதே பொருத்தம் என்று எழுதிவிட்டார்கள். வரம்பு இன்னும் சீவர்ட்டில்தான் இருக்கிறது. கண்வில்லைக்கு 2011-ல் ஆண்டுக்கு 150-லிருந்து 20 மில்லிசீவர்ட்டாகக் குறைத்ததும் அந்தக் கணக்குதான். ஆனால் அந்த ஆணையத்தின் 2007-ன் பரிந்துரைகளை முழுதாகத் திருத்தும் வேலை நடக்கிறது. நாம் புணர்ச்சி பார்த்து முடிப்பதற்குள் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்காது.

மன்னார்குடி:
பொருள் ஓய்வு பெற்றால் சொல்லும் ஓய்வு பெற வேண்டுமா? மரக்கால் புழக்கத்திலிருந்து போய்விட்டது, சொல் இருக்கிறதே.

மயிலாடுதுறை:
ஏற்பளவுக்கு என் ஓட்டு. முதல் முறை வரும் இடத்தில் பக்கத்தில் 'டோஸ்' என்று கட்டாயம் போடுங்கள். பேட்ஜ் அறிக்கையில் அதுதான் இருக்கும்.

தஞ்சாவூர்:
ஏற்பளவு, விளைவு ஏற்பளவு, ஆட்படுதல். பக்கத்தில் டோஸ். இப்படியே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மன்னார்குடி:
என் மறுப்பு பதிவாகட்டும். துய்ப்பளவு பற்றிய மடல் பாதி எழுதியிருக்கிறேன், ஞாயிறு காலை வரும்.

மயிலாடுதுறை:
அம்மா, நோயாளி மேல் பட்டு நாலாபக்கமும் தெறிக்கிற கதிர்தான் எங்களுக்கு அதிகம் வந்து சேர்வது. அந்த 'ஸ்கேட்டர்'க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?