விவாகரத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் பெண்: டெல்டாவில் நடக்கும் திரைக்கதைக்குக் கருத்துத் தேவை

குடமுருட்டி:

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்துத் திரைக்கதை எழுதி வருகிறேன். 36 வயதுப் பெண் ஒருத்தி விவாகரத்துக்குப் பின் தாய்வீடு திரும்பி, அம்மாவிடம் கற்ற கைப்பக்குவத்தை நம்பிக் கல்யாண வீடுகளுக்குச் சீர் பட்சணம் செய்துகொடுக்கத் தொடங்குகிறாள். அவள் சுற்றும் 11 சுற்றுக் கைமுறுக்குக்கும் கூட்டில் அடைக்கும் பருப்புத் தேங்காய்க்கும் சுற்றுவட்டாரத்தில் நல்ல கிராக்கி. ஆனால் தேடி வந்து பட்சணம் சொல்லிவைக்கிற வீட்டார்களே, தாம்பாளங்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு முகூர்த்தத்துக்கு முன்னால் அவள் புறப்பட்டுவிட்டால் நல்லது என்று நாசூக்காகச் சொல்லி அனுப்புகிறார்கள். இதை அழுகைப் படமாக எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும். சிரித்த பிறகு கொஞ்சம் உறுத்தவும் வேண்டும்.

வாசித்துப் பார்த்த நண்பர்களில் சிலருக்கு, நகைச்சுவைக் காட்சிகள் அந்தப் பெண்ணையே கேலி செய்வதாகப் படுகிறது. மற்றவர்கள், கடைசியில் அவளுக்கு இன்னொரு கல்யாணம் நடக்காவிட்டால் படம் முடிந்ததாகவே ஆகாது என்று அடித்துச் சொல்கிறார்கள். இவ்வகைப் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்களும், நீதிமன்ற நடைமுறை அறிந்தவர்களும், இதை வாழ்ந்து பார்த்தவர்களும் கருத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மன்னை மதிலழகு:

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு, 1979இல் ஆலன் ஜே. பக்குலா இயக்கிய ‘ஸ்டார்ட்டிங் ஓவர்’ படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனைவியைப் பிரிந்த நாயகனாக பர்ட் ரெனால்ட்ஸ் நடித்திருப்பார். வீட்டுச் சாமான் வாங்கப் போன பெரிய கடையில் அவருக்குத் திடீரென்று படபடப்பு வந்து மூச்சுத் திணறுகிறது, கூட்டம் கூடிவிடுகிறது. மனநல மருத்துவரான அண்ணன், யாரிடமாவது பதற்றத்தைத் தணிக்கும் வேலியம் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம், சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் கைப்பையைத் துழாவத் தொடங்கிவிடுகிறார்கள். நாம் சிரிப்பது அவரைப் பார்த்தல்ல. நன்றாக இருப்பதாக நினைத்த ஊர் முழுவதும் மாத்திரையில்தான் ஓடுகிறது என்பது ஒரே நொடியில் அம்பலமாகிவிடுவதால் சிரிக்கிறோம். உங்கள் நாயகியை மண்டபத்திலிருந்து அனுப்பிவைக்கிற மாமியின் கைப்பையிலும் அப்படி ஒரு மாத்திரை இருந்தாக வேண்டும். அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் உங்கள் முதல் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படத்தில் நடித்த ஜில் கிளேபர்க், அதற்கு முந்தைய ஆண்டு பால் மசுர்ஸ்கியின் ‘ஆன் அன்மேரீட் உமன்’ படத்தில் கணவன் கைவிட்ட பெண்ணாக நடித்திருந்தார். கோடைக்காலத்தைத் தன்னோடு கழிக்க அழைக்கும் ஓவியனிடம் அவள் மறுத்துவிடுகிறாள். அவனோ தான் வரைந்த மிகப்பெரிய ஓவியம் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். காற்றடிக்கும் நியூயார்க் தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு அவள் தள்ளாடி நடப்பதோடு படம் முடியும். தமிழிலும் இது புதிதல்ல. மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தைத் தழுவி பாலுமகேந்திரா 1993இல் எடுத்த ‘மறுபடியும்’ படத்தில், திரும்பி வரும் கணவனையும் நேசிக்கும் நண்பனையும் ரேவதியின் கதாபாத்திரம் ஒருசேர மறுத்துவிடுகிறது. எனவே மறுமணம் இல்லாமல் முடிக்கத் தயங்காதீர்கள். துணிச்சலான முடிவு அதுதான்.

பழையகாவேரி:

மயிலாடுதுறைப் பக்கம் வழக்கறிஞராக இருக்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதை ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாகக் காட்டிவிடாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி இந்த வழக்குகள் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் 13-பி பிரிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணமிருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியது.

ஆனால் உங்களுக்கு வேண்டிய காட்சி அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருக்கிறது. வழக்கைக் கூப்பிடும்வரை இரு வீட்டாரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், ஊருக்குப் போக இரு தரப்புக்கும் ஒரே பேருந்துதான் இருக்கும். அதைவிடச் சுவையானது சீர்ப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள். நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரங்களைக் கும்பகோணத்தில் வாங்கி, பெண்ணின் பெயரையோ தகப்பனார் பெயரையோ வெட்டித்தான் கொடுப்பார்கள். பட்டியலில் ‘பித்தளை அண்டா ஒன்று’ என்று இருக்கும். வந்து இறங்கும் அண்டாவில் நாத்தனார் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் அண்டா எங்கே என்று கேட்டால், அது நாத்தனாரோடு சீராகப் போய்விட்டது என்பது தெரியவரும். கரண்டிக்காக மட்டும் ஒரு மணி நேரம் வாதம் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் சம்பந்தப்பட்ட இருவரும் வாயே திறக்கவில்லை. உங்கள் நாயகி பாகு காய்ச்சுகிற பாத்திரம் அந்த நாத்தனார் பெயர் போட்ட அண்டாவாகவே இருக்கலாமே.

ஓடம்போக்கி:

நான் இதை வாழ்ந்தவள், திருவாரூர்ப் பக்கம். மன்னை ஐயா சொன்னதில் முற்பகுதியை ஏற்கிறேன், பிற்பகுதியை ஏற்க முடியவில்லை. தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே எங்கள் வீட்டுக்கு ஜாதகங்கள் வரத் தொடங்கின. மனைவியை இழந்தவர், வயதானவர், குழந்தைக்கு ஆள் தேடுகிறவர் என்று எல்லாமே ‘உனக்கு இது போதும்’ என்ற கணக்கில் வந்தவை. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில், தனியாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்கிற பெண்ணை ஊர் தியாகியாக்கிக் கும்பிட்டுவிடும். எனக்குத் துணை வேண்டும், இன்ன மாதிரி ஆள் வேண்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் அதிகத் துணிச்சல் தேவைப்படுகிறது. நாயகி அதைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு கல்யாணம் நடப்பதும் நடக்காததும் உங்கள் விருப்பம்.

காட்சிக்கு உதவுமென்றால் இரண்டு நினைவுகளைச் சொல்கிறேன். அம்மா என்னைத் திருமணஞ்சேரிக்கு மறுபடியும் அழைத்துப் போனார். அங்கே கல்யாணம் வேண்டிப் போகிறவர்களுக்குத் தரும் மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணமான பிறகு கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள்தான் முதல் கல்யாணம் முடிந்த கையோடு பழைய மாலையைச் செலுத்திவிட்டோமே, கணக்கு நேராகிவிட்டதல்லவா, இனிப் புதுக் கணக்கா என்று நான் வரிசையில் நின்றபடி கேட்டேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இன்னொன்று ஆடிப்பெருக்கு. படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்த பிறகு, மஞ்சள் கயிற்றுக் கொத்தோடு பெரியம்மா வரிசையாக வந்தார். சுமங்கலிகளுக்குக் கழுத்தில் கட்டினார்; கல்யாணமாகாத பெண்களுக்கும் கழுத்தில் கட்டினார். என்னிடம் வந்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் இரண்டு கணக்கிலும் சேராதவள். தாண்டிப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆண்பிள்ளைகளுக்குக் கட்டுவதைப் போல என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். என் தம்பி தன் கையை நீட்டி என் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அன்றைக்கு நான் அழுதேனா சிரித்தேனா என்று யாரும் கேட்டால் இரண்டும்தான்.

மன்னை மதிலழகு:

அம்மா, துணிச்சல் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தயாரிப்பாளர்கள் கையில் அகப்பட்டால், துணை வேண்டும் என்று அவள் சொன்ன அடுத்த காட்சியிலேயே நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதுதான் என் பயம். அவள் சொன்ன இடத்திலேயே படத்தை முடித்துவிட்டால் இருவருக்கும் சம்மதமாக இருக்கும்.

குடமுருட்டி:

அனைவருக்கும் நன்றி. மாமியின் கைப்பையில் இருக்கும் மாத்திரை அகப்பட்டுவிட்டது. அவருடைய மூத்த பெண்ணும் ‘லீவுக்கு வந்திருக்கிறாள்’ என்ற பெயரில் பல மாதங்களாகத் தாய்வீட்டில்தான் இருக்கிறாள்; தங்கையின் கல்யாணம் முடியும்வரை விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் மாமி இவ்வளவு பதறுகிறார். முகூர்த்த நேரத்தில் அந்தப் பெண்ணையும் மண்டபத்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே, காலித் தாம்பாளங்களுக்காகக் காத்திருக்கும் நாயகியோடு உட்கார்ந்து உடைந்த முறுக்குகளைத் தின்கிறாள். இருவரும் பேசுவதைக் கேட்டுவிடும் மாமி, படத்தின் பிற்பகுதியில் நாயகியின் வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவிப்பதாக வைக்கலாமா?

ஓடம்போக்கி:

அதை மட்டும் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்து மாமிகள் வருத்தம் தெரிவித்து நான் பார்த்ததில்லை. அடுத்த கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வரட்டும்; வந்த இடத்தில், முகூர்த்தத்துக்கு இருந்துவிட்டே போகலாம் என்று போகிற போக்கில் சொல்லட்டும். உங்கள் நாயகி அதைக் காதில் வாங்காதவள் போல, 11 சுற்று முறுக்கின் விலையை ஏற்றிச் சொல்லட்டும்.