இழையங்களை வரைந்து கண்டுபிடிக்கும் விளையாட்டு: நன்றாக வரைகிறவர்களே ஜெயிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஹட்டன் பயோ டீச்சர்:
வணக்கம். ஹட்டன் பக்கம் உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கிறேன். 36 பிள்ளைகள், உருப்படியாக வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. வன்கூட்டுத்தசை, இதயத்தசை, மழமழப்பான தசை மூன்றையும் மடமடவென்று ஒப்புவிப்பார்கள், அதே தசையை வெட்டி ஒட்டிய கண்ணாடி வழுக்கியைக் காட்டினால் முழிப்பார்கள். அதனால் போன தவணை ஒரு விளையாட்டு தொடங்கினேன்: ஒருவர் சீட்டு எடுத்து அதிலுள்ள இழையத்தை, அதாவது ஒரே வேலை செய்யும் கலங்களின் கூட்டத்தை, கரும்பலகையில் வரைய வேண்டும், எழுத்தும் கூடாது பேச்சும் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் குழு பெயரைச் சொல்ல வேண்டும். வகுப்பு கலகலப்பாகிவிட்டது. ஆனால் சித்திரம் நன்றாக வரும் இரண்டு பேர் இருக்கிற குழுதான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறது, கை வராத பிள்ளைகள் பின்வாங்கில் ஒதுங்கிவிடுகிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதுளைக்காரன்:
டீச்சர், புள்ளியை எதற்குக் கொடுக்கிறீர்கள்? நான் பெயர் சொன்ன பிள்ளையிடம் உடனே "எதைப் பார்த்துச் சொன்னாய்?" என்று கேட்பேன், காரணம் சரியென்றால்தான் முழுப் புள்ளி. "வரி இருக்கு சேர்" என்றால் அரைப் புள்ளி, ஏனென்றால் வரி வன்கூட்டுத்தசையிலும் உண்டு இதயத்தசையிலும் உண்டு. நார் கிளைவிட்டிருக்கு, கலத்தின் கரு நடுவில், கலமும் கலமும் சேரும் இடத்தில் குறுக்கே இடைபுகுந்த தட்டு என்று சொன்னால்தான் இதயத்தசை. ஒரே நாரில் பல கரு, அதுவும் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தால் வன்கூட்டுத்தசை. வரியே இல்லை, இரண்டு முனையும் கூர், நடுவில் ஒரு கரு என்றால் மழமழப்பான தசை. இப்படி மாற்றின பிறகு எங்கள் வகுப்பில் ஜெயித்தது நாலே நாலு கோடு இழுத்த பிள்ளை.

லீக்ஸ் தோட்டம், நுவரெலியா:
அதெல்லாம் சரி, ஆனால் பிள்ளைகள் வரைவது புத்தகப் படத்தை, வழுக்கியில் கண்டதை இல்லை. சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய் என்றால் வட்டம் போடுவார்கள். வழுக்கிக்காக வெட்டிய கத்தி சரிவாகப் போயிருந்தால் அது நீள்வட்டம், நீளவாக்கில் போயிருந்தால் இரண்டு வரிசைக் கலங்கள், அப்போது ஆள் காலி. நான் முதல் நாள் லீக்ஸ் கொண்டுபோய் (இங்கே அதற்கா பஞ்சம்!) குறுக்கே, சரிவாக, நீளமாக வெட்டிக் கொடுத்து மூன்றையும் வரையச் சொன்னேன், சீட்டு விளையாட்டு அதற்குப் பிறகுதான். இன்னொன்று, கலர் பென்சில் கொடுத்தால் கருவின் சொந்த நிறமே ஊதா என்று நினைத்துக்கொள்கிறார்கள். கருவுக்கு ஊதா கொடுப்பது ஹெமட்டொக்சிலின், சுற்றியிருப்பதை ரோஸ் ஆக்குவது இயோசின், இரண்டும் நாம் போட்ட சாயம் என்று சொல்லிவிடுங்கள்.

மஸ்கெலியா பொடியன்:
டீச்சர், நான் இப்போது கெம்பஸில் படிக்கிறேன். எங்கள் சேர் ஒருவரை நுணுக்குக்காட்டியில் பார்க்க வைத்து, அவர் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவரைத் திரும்பி உட்கார்ந்து வரைய வைப்பார், பெயரை மட்டும் சொல்லக்கூடாது. ஒரு நுணுக்குக்காட்டி போதும், சித்திரமும் தேவையில்லை, சொல்கிறவருக்குத்தான் வேலை. அப்புறம் தேயிலையையும் சேருங்கள். முற்றிய இலையை மெல்லிசாகக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தடித்த சுவரோடு நட்சத்திரம் மாதிரி கிளைவிட்ட கலங்கள் கிடக்கும், காற்று போய்வரும் இலைவாய் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும். அம்மா தினமும் கிள்ளுகிற இலைக்குள் இப்படி ஒன்றா என்று அன்றைக்கு நான் வாயைப் பிளந்தேன்.

ஹட்டன் பயோ டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை திரும்பி உட்கார்ந்து வரைவதிலிருந்து தொடங்குகிறேன். தம்பி, இலையை வெட்ட பிளேடைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தாரா உங்கள் சேர்?

மஸ்கெலியா பொடியன்:
இல்லை டீச்சர், அவரே வெட்டினார். பத்துத் துண்டில் ஒன்றுதான் பார்க்கிற அளவுக்கு மெல்லிசாக வந்தது.