சான்ஃபூ வெயிலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

வெயிலைக் குறிக்கும் சீனச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் பட்டியலில், 'சான்ஃபூ' என்பதற்குச் 'சீனக் கத்திரி' என்று நண்பர் முன்வைத்திருக்கிறார். சீனக் கோடையின் மிக வெப்பமான, மூன்று கூறுகளாகப் பகுக்கப்பட்ட காலமே சான்ஃபூ ('சான்' என்றால் மூன்று). கேட்டவுடன் விளங்குகிற சொல்தான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. கத்திரி கதிரவனின் போக்கைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஆண்டுதோறும் மே முதல் வாரத்தில் ஏறத்தாழ அதே நாளில் தொடங்குகிறது. சான்ஃபூவோ பத்து நாளுக்கு ஒருமுறை வரும் 'கெங்' நாளைக் கொண்டு எண்ணப்படுவது. கோடைக் கதிர்த்திருப்பத்துக்கு (ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு)ப் பின் வரும் மூன்றாம் கெங் நாளில் முதற்கூறும், நான்காம் கெங் நாளில் நடுக்கூறும், சீன நாட்காட்டியின் இலையுதிர்காலத் தொடக்கத்துக்குப் பின் வரும் முதல் கெங் நாளில் கடைக்கூறும் பிறக்கின்றன. ஆகையால் நடுக்கூறு சில ஆண்டுகளில் 10 நாளாகவும் சில ஆண்டுகளில் 20 நாளாகவும் அமையும். 2024இல் சூலை 15 தொடங்கி 40 நாள் நீடித்த சான்ஃபூ, 2025இல் சூலை 20 தொடங்கி 30 நாளிலேயே முடிந்துவிட்டது.

'ஃபூ' என்ற எழுத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பின் அருகே நாயைக் குறிக்கும் உறுப்பு நிற்கிறது. பதுங்குதல், குப்புறக் கிடத்தல் என்பன அதன் பொருள். 'முப்பதுங்கல்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். படிப்பவர் கண் 'முப்பது' என்பதிலேயே நின்றுவிடும் என்பதால் அடித்துவிட்டேன். 'மூவொடுக்கம்' என்பது என் பரிந்துரை. முதலொடுக்கம், நடுவொடுக்கம், கடையொடுக்கம் என்று கூறுகளுக்கும் அதிலிருந்தே பெயர் கிடைத்துவிடும்.

'மென்ரெ' என்பதற்குப் புதுச்சொல்லே வேண்டா, புழுக்கம் போதும். 'மென்' என்ற எழுத்தில் கதவுக்குள் இதயம் அடைபட்டுக் கிடக்கிறது. காற்றில்லாத அறைக்கும் வெளியே சொல்லமுடியாத மனக்குறைக்கும் அந்த ஓரெழுத்தே வழங்குகிறது. மனப்புழுக்கம் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? மேலே ஆவியில் வேகிறது, கீழே கொதிக்கிறது என்று சீனர்கள் சூலை மாதத்தைப் பற்றிச் சொல்லும் பழமொழியைப் படிக்கும்போது எனக்குப் புழுங்கல் அரிசி அவிக்கும் அண்டாதான் நினைவுக்கு வருகிறது.

'காவ்வென்' வானிலைத் துறைச்சொல், 35 பாகை செல்சியசும் அதற்கு மேலும் என்ற வரையறை உடையது. அதை 'உயர்வெப்பம்' என்றே வைத்துக்கொள்ளலாம். 'கூரெ' என்பதற்குக் 'கொடுவெப்பம்' பொருந்தும், 'கூ' என்பது கொடுமையைக் குறிப்பதால். (அதே எழுத்தைத்தான் இன்றைய சீன இளைஞர்கள், ஆங்கிலக் 'கூல்' போல ஒலிப்பதால், அசத்தல் என்ற பொருளிலும் எழுதுகிறார்கள்!) 2022 ஆகத்து 18 அன்று சீனாவின் சோங்சிங் மாநகரைச் சேர்ந்த பெய்பெய் பகுதியில் பதிவான 45 பாகையை வெறும் உயர்வெப்பம் என்று எழுதினால் அது குறைத்துச் சொன்னதாகிவிடும்.

இலையுதிர்காலம் தொடங்கிய பின்னும் திரும்பி வந்து தாக்கும் வெயிலை அவர்கள் புலி என்கிறார்கள். பட்டியலில் உள்ள 'கூதிர்ப்புலி' நம் காதுக்கு மழையையும் வாடையையும் கொண்டுவருகிறது. 'பின்கோடைப் புலி' என்று திருத்தலாம். புலியை மட்டும் எடுத்துவிட வேண்டா.

மூவொடுக்கத்தில் 'ஒடுக்கம்' அடக்குமுறையை நினைவூட்டுமோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. 'மூவடக்கம்' அதைவிட நன்றாக இருக்குமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.