41 ஃபிரேம் முந்திவிட்டேன், ஆனால் 4-ஆம் கட்டத்தில் 5 ஃபிரேம் இழப்பு: பதிவைச் சமர்ப்பிக்கலாமா?

நத்தைவேகம் எழுதியது:

வணக்கம். பதினொரு மாதங்களாக ஒரே ஆட்டத்தின் டாஸ் பதிவோடு இருக்கிறேன். அதாவது, அசல் கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற கணினி மென்பொருளில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொத்தான்களைத் தேர்ந்து, ஆட்டத்தை மிக வேகமாக முடிக்கும் பதிவு. நிண்டெண்டோவின் என்.இ.எஸ். ஆட்டக் கருவிக்கு வந்த, ஏழு கட்டங்கள் கொண்ட, ஓடித் தாவும் ஆட்டம். பதிவை இன்னும் எங்கும் கொடுக்காததால் ஆட்டத்தின் பெயரை இப்போதைக்குத் தவிர்க்கிறேன்.

2009-இல் ஒருவர் செய்த பதிவுதான் இதுவரை வேகமானது. என்னுடையது அதைவிட 41 ஃபிரேம் குறைவு (ஒரு ஃபிரேம் என்பது வினாடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு). கட்டவாரியாகப் பார்த்தால் 1-இல் 6 ஃபிரேம் லாபம், 2-இல் எதுவும் இல்லை, 3-இல் 22, 4-இல் 5 நஷ்டம், 5-இல் திரை தானாக நகர்வதால் மாற்றம் இல்லை, 6-இல் 11, 7-இல் 7. மூன்றாம் கட்டத்தின் 22 ஃபிரேமும் ஒரு புதிய கண்டுபிடிப்பால் வந்தவை. அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவருக்குள், சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள்ளும் நுணுக்கமாக ஆட்டம் கணக்கிடும் இடம்) சரியாக அமைந்தால், கால் நுனி புகுந்துவிடுகிறது. ஆட்டம் அடுத்த ஃபிரேமில் நம்மை வலப்பக்கமாக வெளியே தள்ளுகிறது. அதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

4-ஆம் கட்டத்தில் வௌவால்கள் வேறு விதமாகப் பறக்கின்றன. நான் முன்னதாக வந்து சேர்வதால் அவற்றின் போக்கு மாறிவிடுகிறது. மொத்தத்தில் லாபம்தானே என்று விட்டுவிட்டேன். இதுவரை 38,000 மறுபதிவுகள் (பின்னால் போய் மறுபடி பதிவு செய்த தடவைகள்) ஆகியிருக்கின்றன.

இரண்டு நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர் 5-ஆம் கட்டம் சலிப்பாக இருக்கிறது என்றார். திரை நகரும் வரை என் வீரன் சும்மா நிற்கிறான். இன்னொருவர் வேறொரு எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார். 4-ஆம் கட்டத்தின் நடுவில் ஒத்திசைவு முறிந்து, அதாவது பதிவின் பொத்தான்கள் ஆட்டத்தோடு பொருந்தாமல் போய், வீரன் பள்ளத்தில் விழுந்து செத்தான்.

இந்த நிலையில் சமர்ப்பிக்கலாமா? ஒரு பதிவு முடிந்துவிட்டது என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்?


ஓரப்பிக்சல் எழுதியது:

முதலில் அந்தச் சுவர் கண்டுபிடிப்புக்கு வாழ்த்துகள். இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேர் கண்ணில் படாத ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதிவு நல்லபடியாக வெளிவர வேண்டும் என்று விரும்புகிறேன். விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல பதிவுகளைச் செய்திருக்கிறேன். அதைவிட அதிகமான பதிவுகளை மதிப்பிட்டிருக்கிறேன். மதிப்பிட உட்காரும்போது மொத்த நேரத்தை முதலில் பார்ப்பதில்லை. பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்து வைத்து, புதியது எங்கே பின்தங்குகிறது என்று தேடுவேன். முன்னேறிய இடங்கள் தாமே பேசும். பின்தங்கிய இடத்துக்குத்தான் செய்தவரின் வாயிலிருந்து விளக்கம் வர வேண்டும். உங்கள் பதிவில் அந்த இடம் 4-ஆம் கட்டம். நீங்கள் தந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வௌவால்கள் வேறு விதமாகப் பறக்கின்றன என்பது நடந்ததைச் சொல்கிறது. அதைத் தவிர்க்க வழியில்லை என்று அது காட்டவில்லை.

அந்த 5 ஃபிரேமை உடைத்துப் பாருங்கள். அதில் எத்தனை லேக் ஃபிரேம் (கருவி திணறியதால் வீணான ஃபிரேம்), எத்தனை உண்மையான காத்திருப்பு? என்.இ.எஸ். செயலிக்கு ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 29,780 சுழற்சிகள்தான் கிடைக்கின்றன. திரையில் உருவங்கள் பெருகி அந்த ஃபிரேமின் வேலை அதற்குள் முடியாமல் போனால், ஆட்டம் பொத்தான்களைப் படிக்காமலே அடுத்த ஃபிரேமுக்குப் போய்விடும். எமுலேட்டர் அதைத்தான் லேக் என்று எண்ணுகிறது. லுவா என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு பதிவுகளையும் ஓடவிட்டு, ஒவ்வொரு அறையிலும் வீரனின் இடம், சப்பிக்சல், லேக் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதன்பின் நீங்கள் ஊகிக்க வேண்டியிருக்காது.

லேக் என்றால் மருந்து உண்டு. ஓர் எதிரியை முன்கூட்டியே கொல்லலாம், அல்லது கொல்லாமல் திரைக்கு வெளியே தள்ளிவிடலாம். புள்ளிகளின் எண் மாறும் ஃபிரேமை வேறிடத்துக்கு நகர்த்தலாம். வீரன் ஒரு பிக்சல் உயரத்தில் ஓடினால்கூட எந்த ஃபிரேமில் எந்த எதிரி பிறக்கும் என்பது மாறக்கூடும்.

லேக் இல்லை, வௌவாலின் போக்கேதான் காரணம் என்றால், அந்தப் போக்கை எந்த நினைவக முகவரி தீர்மானிக்கிறது என்று ராம் தேடலில் கண்டுபிடியுங்கள். இந்தக் காலத்து ஆட்டங்களில் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஓடும் ஒரு எண்ணி இருக்கும், அல்லது அதைக் கலந்து செய்யும் ஒரு சீரற்ற எண். அப்படியானால் 3-ஆம் கட்டத்தின் முடிவில் வேண்டுமென்றே ஒரு ஃபிரேம் தாமதித்து 4-ஆம் கட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள். பிறகு இரண்டு ஃபிரேம், மூன்று, நான்கு. ஒன்றைக் கொடுத்து நான்கை வாங்க முடிந்தால் அது நல்ல வியாபாரம். ஐந்து ஃபிரேம் இழக்கும் இடத்தில் இந்த நான்கு நுழைவுகளையும் சோதிக்காத பதிவை முடிந்த பதிவு என்று என்னால் ஏற்க முடியாது.

2-ஆம் கட்டத்தின் பூஜ்ஜியமும் என்னை உறுத்துகிறது. 1-இல் 6, 6-இல் 11 என்று எடுக்கத் தெரிந்தவர் 2-இல் ஒன்றுகூட எடுக்கவில்லை என்றால், எடுத்ததை ஆட்டமே விழுங்குகிறதோ என்று சந்தேகப்படுவேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இது எல்லோரும் அறிந்த கதை. அங்கே ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கதவு 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் திறக்கிறது. உள்ளே 20 ஃபிரேம் முன்னதாக வந்தாலும் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். உங்கள் ஆட்டத்திலும் மின்தூக்கி, கதவு, திரை மங்குதல் என்று ஏதாவது அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 2-ஆம் கட்டத்தில் இன்னும் எத்தனை ஃபிரேம் தேவை என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். இலக்கு தெரிந்த தேடல் வேறு, இலக்கு தெரியாத தேடல் வேறு.

மறுபதிவு எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தின் ஒரு கணத்தை அப்படியே சேமித்த நிலையை) ஏற்றிவிட்டுப் பதிவைத் தொடர்ந்த தடவைகளைத்தான் அது எண்ணுகிறது. உழைப்பு தெரிகிறது, மதிக்கிறேன். ஆனால் எந்த வாசலைத் தட்டினீர்கள், எதைத் தட்டாமல் விட்டீர்கள் என்பதை அது சொல்லாது.

5-ஆம் கட்டம் பற்றி: முன்பெல்லாம் பார்க்கச் சலிப்பு என்பதற்காகவே நல்ல பதிவுகள் திருப்பி அனுப்பப்பட்டன. 2012-இல், டாஸ் பதிவுகளை வெளியிடும் டாஸ்வீடியோஸ் தளத்தில் வால்ட் என்ற பிரிவு வந்த பிறகு, சுவாரஸ்யம் குறைந்தாலும் வேகத்துக்காக ஏற்கும் வழி பிறந்தது. ஆகவே அதற்காக உங்களை யாரும் நிராகரிக்கப் போவதில்லை. ஆனாலும் அங்கே சும்மா நிற்காதீர்கள். நேரம் நம் கையில் இல்லாத ஓர் இடத்தை ஆட்டமே தந்திருக்கிறது, அங்கே விளையாடிக் காட்டுங்கள். குண்டுகள் தலைமுடியை உரசிப் போகட்டும். பின்னணி இசையின் தாளத்துக்குக் குதியுங்கள். நிண்டெண்டோ டிஎஸ் கருவியின் பிரெய்ன் ஏஜ் ஆட்டத்துக்கு ஒருவர் செய்த டாஸைப் பாருங்கள். கணக்குக்கு விடை எழுத வேண்டிய இடத்தில் அவர் படங்களாக வரைந்து தள்ளுகிறார். ஆட்டம் அவற்றை எண்களாகவே ஏற்றுக்கொள்கிறது. அதைப் பார்த்த பிறகு, காத்திருக்கும் நேரத்தை வீணடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே நிபந்தனை: உங்கள் குதியாட்டம் லேக்கை உண்டாக்கக் கூடாது, அடுத்த கட்டத்தின் சீரற்ற எண்ணையும் கெடுக்கக் கூடாது.


கம்பிவழி எழுதியது:

ஒத்திசைவு முறிவு பற்றி மட்டும் சொல்கிறேன். அசல் கருவியின் கட்டுப்பாட்டுத் துளையில் மின்பலகையைச் செருகி, பதிவுக் கோப்பிலுள்ள பொத்தான்களை உண்மையான கார்ட்ரிட்ஜுக்கு ஊட்டிப் பார்ப்பது என் வேலை.

நண்பர் ஓட்டிய எமுலேட்டரில் 4-ஆம் கட்டத்தில் செத்ததால் உங்கள் பதிவு தவறு என்று ஆகிவிடாது. லேக் எந்த ஃபிரேமில் வரும் என்பதில் இரண்டு எமுலேட்டர்கள் வேறுபடுவது சாதாரணம். ஒரே ஒரு லேக் ஃபிரேம் கூடினால் அதன்பின் வரும் எல்லாப் பொத்தான்களும் ஓரிடம் தள்ளி விழும். ஆட்டம் பொத்தானைப் படித்த ஃபிரேம்களை மட்டும் வரிசையாக எடுத்து, மற்ற எமுலேட்டரில் அது படிக்கும் ஃபிரேம்களோடு பொருத்திப் பாருங்கள். பாதிச் சிக்கல்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, மின்சாரம் வந்த கணத்தில் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்பது. எமுலேட்டர் ஒரு நிலையான வடிவத்தை நிரப்பித் தொடங்குகிறது. அசல் கருவியில் அது அப்படி இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. உங்கள் வௌவாலின் சீரற்ற எண், ஆட்டம் துடைக்காமல் விட்ட ஒரு முகவரியிலிருந்து பிறக்கிறது என்றால், பதிவு எமுலேட்டருக்குள் மட்டுமே உயிர் வாழும். அந்த முகவரியை ஆட்டம் தொடக்கத்தில் பூஜ்ஜியமாக்குகிறதா என்று பாருங்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், 2014 ஜனவரியில், ஆட்டங்களை வேகமாக முடித்துக் காட்டி நன்கொடை திரட்டும் ஏ.ஜி.டி.க்யூ. நிகழ்ச்சியில், பதிவின் பொத்தான்களைக் கருவிக்கு ஊட்டும் டாஸ்பாட் என்ற இயந்திரம் அசல் சூப்பர் நிண்டெண்டோவில் சூப்பர் மாரியோ வேர்ல்டை ஓட்டி, பொத்தான்கள் வழியாகவே புதிய நிரலை எழுதி, அதற்குள் பாங், ஸ்னேக் ஆட்டங்களை விளையாட வைத்ததைப் பார்த்தேன். எமுலேட்டரில் மட்டும் நடந்திருந்தால் இது எமுலேட்டரின் பிழை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அசல் கருவி சொன்னதும் பேச்சே இல்லை.


கைவிரல் எழுதியது:

நான் டாஸ் செய்பவன் அல்ல. கையால் ஓடுபவன். ஆனால் உங்கள் வேலையை நம்பித்தான் என் பயிற்சி நடக்கிறது. எனவே 5 ஃபிரேமில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அட்டாரி 2600-இன் டிராக்ஸ்டர் ஆட்டத்தில் 5.51 வினாடி என்ற சாதனை 1982-இலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2017-இல் ஒருவர் ஆட்டத்தின் நிரலையே பிரித்து, கிடைக்கக்கூடிய உள்ளீடுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். 5.57-க்குக் கீழே போகவே முடியவில்லை. 2018 ஜனவரியில், ஆட்டச் சாதனைகளைப் பதிந்து வைக்கும் டுவின் கேலக்ஸிஸ் அமைப்பு அந்தச் சாதனையை நீக்கியது. மனிதர்களின் சாதனைகளை அளக்கும் கோலாக உங்கள் பதிவுகள் ஆகின்றன. கோலே 5 ஃபிரேம் பிசகினால் எதை வைத்து அளப்பது?

இன்னொரு வேண்டுகோள். காணொளியின் தொடக்கத்திலேயே இது கருவித் துணையுடன் செய்தது என்று பெரிதாக எழுதுங்கள். 2003-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐ 11 நிமிடத்தில் முடிக்கும் காணொளி, எப்படிச் செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லாமலே இணையத்தில் பரவியது. கையால் ஆடியது என்று நம்பி வியந்தவர்கள், உண்மை தெரிந்ததும் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். அத்தனை அழகான வேலை மீது விழுந்திருக்கக் கூடாத பழி அது.


நத்தைவேகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

ஓரப்பிக்சல் அண்ணா, நீங்கள் சொன்ன ஸ்கிரிப்ட்டை எழுதினேன். 5 ஃபிரேமில் 2 லேக். மூன்று வௌவால்களும் ஒரு நெருப்புக் குண்டும் ஒரே நேரத்தில் திரையில் இருந்ததால் வந்தவை. முதல் வௌவாலை ஏணிக்கு முன்பே வெட்டிவிட்டால் அந்த இரண்டும் போய்விடுகின்றன. மீதி 3 உண்மையான காத்திருப்பு. 3-ஆம் கட்டத்தின் கடைசிக் குதிப்பை ஒரு ஃபிரேம் தாமதித்துப் பார்த்தேன். இரண்டாம் வௌவால் மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கியது, அதன் மேல் அடிபட்டு முன்னால் தூக்கி எறியப்பட்டேன். நான்கு ஃபிரேம் கிடைத்தது. ஒன்று கொடுத்து நான்கு, லேக்கில் இரண்டு. 41 இப்போது 46. 4-ஆம் கட்டம் பழைய பதிவைவிட ஒரு ஃபிரேம் முன்னால் இருக்கிறது.

2-ஆம் கட்டம் பற்றிய சந்தேகமும் சரிதான். அங்கே கடைசி மின்தூக்கி, கட்டம் தொடங்கும்போது பூஜ்ஜியமாகும் ஓர் எண்ணியைப் பார்த்து 8 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் கிளம்புகிறது. உள்ளே நான் 3 ஃபிரேம் சேமித்திருந்தேன், எனக்கே தெரியாமல். இன்னும் 5 வேண்டும். இரண்டு இடங்களில் தேடுகிறேன்.

கம்பிவழி, சீரற்ற எண்ணின் முகவரியை ஆட்டம் தொடக்கத்திலேயே பூஜ்ஜியமாக்குகிறது. அதனால் நண்பரின் எமுலேட்டரில் நடந்தது லேக் வேறுபாடுதான். பொத்தான் படித்த ஃபிரேம்களை மட்டும் எடுத்துப் பொருத்தியதும் அங்கும் 4-ஆம் கட்டம் தாண்டியது. பதிவு முடிந்ததும் கோப்பை உங்களுக்கு அனுப்பலாமா?

கைவிரல், எச்சரிக்கை வரியைக் காணொளியின் முதல் ஐந்து வினாடிக்கு வைக்கிறேன்.

5-ஆம் கட்டத்தின் பழைய உள்ளீட்டை அப்படியே ஒட்டிப் பார்த்தேன், ஒத்துப்போனது. ஆனாலும் அதை அழித்துவிட்டேன். இசைக்குக் குதிக்கும் முதல் இருபது வினாடி தயாராக இருக்கிறது. 6-ஆம் கட்டத்தில் எண்ணி நகர்ந்துவிட்டதால் மூன்றாம் அறையிலேயே ஒத்திசைவு முறிகிறது. அதை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். நேற்றிரவு இரண்டாம் அறை வரை வந்திருக்கிறேன், பழைய 11 ஃபிரேமில் இதுவரை 4 கைக்கு வந்திருக்கிறது.