‘அப்பத்தா வீடு’ குழுவில் ஒரு டேம்பர் பஞ்சாயத்து

புதன், இரவு 8:05

ராஜி அக்கா: எல்லோருக்கும் ஒரு அவசரம். காபி மெஷினுக்கு டேம்பர் வாங்கி வரச் சொன்னார் அப்பா. இன்று ராத்திரி 12 மணிக்குள் ஆர்டர் போட்டால்தான் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஃப்ளைட். சைஸ் என்ன? 51, 53, 54, 58 என்று வரிசையாகக் காட்டுகிறது.

பெரியப்பா: 👍

ராஜி அக்கா: அப்பா, கட்டைவிரல் வேண்டாம். சைஸ்.

பெரியப்பா: நடுத்தரம் போதும்.

அத்தை: டேம்பர்னா என்ன கண்ணு

தீபா: காபித்தூளை அமுக்கும் கட்டை அத்தை. மெஷினில் மாட்டும் முன்னால் அமுக்கணும்.

அத்தை: அதுக்கு சிங்கப்பூர் போகணுமா

சித்தி: ஃபில்டரில் குடை மாதிரி ஒன்று வருமே, அதுவா?

தீபா: அதே மாதிரிதான் சித்தி. இது கொஞ்சம் பலமாக.

பெரியம்மா: மெஷினோடு பிளாஸ்டிக்கில் ஒன்று வந்தது. அதை வைத்து அமுக்கினால் பாதித் தூள் மேடையில்தான். துடைக்கிறது யார், நான்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை தீபாவைப் பார்க்க வருகிறார்கள். பையன் எஸ்பிரெசோ விரும்பிக் குடிப்பான் என்று தரகர் சொன்னார்.

தீபா: தரகர் இதையெல்லாமா சொல்கிறார்

சித்தி: சம்பளம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். இதைச் சொல்வார் 😂

விக்னேஷ்: வந்துட்டேன். யாரும் ஆர்டர் போட்டுடாதீங்க.

அத்தை: வந்துட்டான்

விக்னேஷ்: ராஜிக்கா, எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு டேம்பர் கிடையாது. தூள் போடுகிற பாஸ்கெட் இருக்கிறதல்லவா, அதன் உள்விட்டம்தான் கணக்கு. கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்கள் பெரும்பாலும் 58 மி.மீ. 1961-இல் வந்த ஃபேமா இ61 கூட 58தான். வீட்டு மெஷினில் ஆளுக்கு ஒரு அளவு. காஜியா கிளாசிக் 58, ப்ரெவில் பாம்பினோ 54, டெலோங்கி டெடிகா 51. பெரிதாக வாங்கினால் உள்ளே இறங்காது. சிறிதாக வாங்கினால் ஓரத்துத் தூள் அமுங்காமல் வளையமாக நிற்கும். தண்ணீர் 9 பார் அழுத்தத்தில் வருகிறது, எந்த இடம் லூஸோ அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். அது ஓடிய இடத்துத் தூள் அளவுக்கு மேல் கரைந்து கசக்கும், மற்ற இடத்துத் தூள் சரியாக இறங்காமல் புளிக்கும். இரண்டும் ஒரே கப்பில். சேனலிங் என்று சொல்வது இதைத்தான்.

சித்தப்பா: மாப்ளே, மூச்சு விட்டுக்கோ.

ராஜி அக்கா: படித்தேன். சைஸ்?

விக்னேஷ்: பெரிய மாமா, ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்க. உள்பக்கம், மேல் விளிம்பில்.

பெரியப்பா: [படம்]

தீபா: பெரியப்பா, நீங்கள் அளந்தது வெளிவிட்டம்.

பெரியப்பா: உள்ளே 5 செ.மீ., கொஞ்சம் கூட இருக்கும்.

சித்தப்பா: கொஞ்சம் கூடன்னா எவ்வளவு? அண்ணன் கிழக்கு வரப்பை அளந்த மாதிரியே இருக்கு.

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அத்தை: ஆமாம் வேண்டாம்

சித்தப்பா: சரி. வெர்னியரோடு நானே வருகிறேன். கணபதியிலிருந்து வடவள்ளி எவ்வளவு தூரம். அதுவரைக்கும் யாரும் ஆர்டர் போட வேண்டாம்.

பெரியம்மா: வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும். மாவு இருக்கு, தோசை ஊற்றுகிறேன்.

சித்தி: இங்கே இட்லி ஊற்றி வைத்திருக்கிறேனே அக்கா

இரவு 8:31

விக்னேஷ்: சின்ன மாமா போய்ச் சேர்வதற்குள் ஒரு கேள்வி. சைஸைவிட இது முக்கியம். பாஸ்கெட்டில் எத்தனை ஓட்டை?

பெரியப்பா: நிறைய. சல்லடை மாதிரி.

விக்னேஷ்: உள்ளே பார்த்துச் சொல்கிறீங்களா? கவிழ்த்துப் பாருங்க.

பெரியம்மா: அடியில் ஒரே ஓட்டைதான். குண்டூசி முனை அளவுக்கு இருக்கும். கழுவுகிறவளுக்குத் தெரியாதா?

விக்னேஷ்: நினைச்சேன். அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்ளே நூறு ஓட்டை இருந்தாலும் வெளியே வருவது அந்த ஒற்றை ஓட்டை வழியாகத்தான். அழுத்தம் அங்கேதான் உண்டாகிறது, மேலே மிதக்கிற நுரையும் அங்கே பீய்ச்சுவதால் வருவதுதான். கடையில் அரைத்து வாங்கும் தூளுக்காகவே இப்படிச் செய்து கொடுக்கிறார்கள். தங்கத்தில் டேம்பர் செய்து அமுக்கினாலும் அந்த பாஸ்கெட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. அடியிலும் நிறைய ஓட்டை இருக்கும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் இருந்தால்தான் டேம்பருக்கே வேலை. பெட்டியில் இன்னொன்று வந்ததா?

பெரியப்பா: வந்தது. எங்கே போனது என்று தெரியவில்லை.

பெரியம்மா: பூஜை ரூமில் இருக்கு.

ராஜி அக்கா: அங்கே ஏன்?

பெரியம்மா: சாம்பிராணி போட. அடியில் நிறைய ஓட்டை, காற்று நன்றாகப் போகுது. தணல் அணைவதே இல்லை.

தீபா: 😂😂😂

சித்தி: மாப்பிள்ளைக்குச் சாம்பிராணி எஸ்பிரெசோ

விக்னேஷ்: அத்தை, அதுதான் ஒரிஜினல் பாஸ்கெட் 🙏 தேய்த்தால் கரி போகுமா?

பெரியம்மா: போகாமல் எங்கே போகும். ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு வேறு கிண்ணம் யார் தருவது?

விக்னேஷ்: வேண்டாம் அத்தை, தணல் வைத்ததில் காபி எதற்கு. ராஜிக்கா, அதே அளவில் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் ஒன்றும் சேர்த்து ஆர்டர் போடுங்க. சில மெஷினில் விளிம்பு அமைப்பு வேற மாதிரி இருக்கும், மாடல் பெயரைப் பார்த்து வாங்கணும்.

ராஜி அக்கா: இப்போது இரண்டு சாமானா. ஏற்கனவே கோடாலித் தைலம், பாதாம், மைலோ என்று லிஸ்ட் போகிறது.

அத்தை: தைலம் எனக்கு ரெண்டு பாட்டில் கண்ணு. போன தடவை ஒன்றுதான் வந்தது.

ராஜி அக்கா: போன தடவை மூன்று கொடுத்து விட்டேனே அத்தை?

அத்தை: எனக்கு வந்தது ஒன்று

பெரியம்மா: ...

சித்தி: நங்கையா, ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கும் மாமியாரின் பித்தளை ஃபில்டரைக் கொண்டு வாங்க. மெஷின் கைவிட்டால் உதவும். நாங்களும் அதைப் பார்த்து ரொம்ப நாள் ஆகுது.

அத்தை: அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்தது அது.

சித்தி: நான் ஒன்றும் சொல்லலையே

தீபா: சைஸ்!!!

இரவு 9:18

சித்தப்பா: [படம்] வெர்னியர் பேசுகிறது. இப்போது போடுகிற பாஸ்கெட் மேல் விளிம்பில் 51.4. கீழே போகப் போகக் குறுகுகிறது. 51.0 வாங்கினால் சுற்றிலும் 0.2 இடைவெளி, ஒன்றும் கெட்டுவிடாது. 53, 54, 58 எதுவும் உள்ளே போகாது.

ராஜி அக்கா: அப்பாடா. 51.

விக்னேஷ்: 51.2, 51.3 கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு மேலே போனால் காற்று அடைத்துக்கொண்டு, டேம்பரைத் தூக்கும்போது தூளும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். அடுத்தது வகை. பெரிய மாமாவுக்கு மணிக்கட்டு வலி இருக்கிறதில்லையா?

பெரியப்பா: இப்போது பரவாயில்லை.

பெரியம்மா: காலையில் பால் பாக்கெட் வெட்ட நான் வரணும். பரவாயில்லையாம்.

விக்னேஷ்: அப்படியென்றால் நீளக் கைப்பிடி வைத்தது வேண்டாம். மணிக்கட்டை மடக்கி அழுத்தினால் வலியும் வரும், தூளும் ஒரு பக்கம் சாயும். தட்டையாக உள்ளங்கைக்குள் அடங்குகிற பாம் டேம்பர் ஒன்று. இல்லாவிட்டால் ஸ்பிரிங் வைத்தது. அதில் வெளிவளையம் பாஸ்கெட் விளிம்பில் உட்காரும், நடுத்தட்டு மட்டும் நேராகக் கீழே இறங்கும், சாயவே சாயாது. நான் சொன்னால் ஸ்பிரிங் வைத்ததுதான். தேக்குக் கைப்பிடி, அடியில் அலை அலையாக வரி போட்டது, அதெல்லாம் பார்க்க அழகு. காசு அங்கே போகணும் என்று அவசியமில்லை.

பெரியப்பா: எவ்வளவு பலமாக அமுக்கணும்? யூடியூபில் 30 பவுண்டு என்று சொல்கிறான்.

விக்னேஷ்: பழைய கணக்கு மாமா, சுமார் 13.5 கிலோ. குளியலறை எடை மெஷின் மேல் வைத்து அமுக்கிப் பழகுவார்கள். தூள் ஒரு தடவை இறுகிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. சமமாக இருக்கணும், தினமும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். 15 கிராம் தூள் போட்டால் 30 கிராம் காபி 25-30 விநாடியில் வரணும். 10 விநாடியில் கொட்டினால் கோளாறு கையில் இல்லை, அரைத்த பதத்தில் இருக்கு. இன்னும் நைஸாக அரைக்கணும். தூள் எது வாங்குகிறீங்க?

பெரியப்பா: ஆர்.எஸ். புரத்தில் கண் முன்னால் அரைத்துத் தருகிறார்கள். பீபெரி கொட்டை. 80-க்கு 20 சிக்கரி.

விக்னேஷ்: சிக்கரியா 😭

பெரியப்பா: சிக்கரி இல்லாமல் காபியில் திக்னஸ் எப்படி வரும்?

விக்னேஷ்: மெஷினுக்குச் சிக்கரி ஆகாது மாமா. வெறும் கொட்டை, ஃபில்டர் பதத்தைவிட நைஸாக. உண்மையைச் சொல்லட்டுமா, முதலில் வாங்க வேண்டியது நல்ல கிரைண்டர். டேம்பர் அப்புறம்தான்.

சித்தி: கிரைண்டர் பேச்சை எடுக்காதீங்க. எங்கள் வீட்டு மாவு கிரைண்டர் ஒன்று போன ஆடிக்கு இரவல் போனது, இன்னும் திரும்பலை.

அத்தை: அதில் கல் தேய்ந்து போயிருக்கு என்று அப்போதே சொன்னேன்

சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் இருங்க. ஒரு துண்டு இரும்புக்கு எதற்கு சிங்கப்பூர், எதற்கு ஆர்டர்? 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பட்டறையில் சும்மா கிடக்கு. லேத்தில் மாட்டினால் ஒரு மணி நேர வேலை. 51.2-க்குத் திருப்பி, முகத்தை ஃபேஸிங் அடித்து, ஓரத்தைச் சாய்வாகச் சீவாமல் கூராக விட்டுத் தருகிறேன். 25 மி.மீ. தடிமன் வைத்தால் 400 கிராம் வரும். அந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

தீபா: பித்தளையில் செய்யுங்க சித்தப்பா, பார்க்க நன்றாக இருக்கும்.

சித்தப்பா: கூடாது சாமி. லேத்துக்கு வரும் ஃப்ரீ கட்டிங் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். வாய்க்குப் போகிற சாமானுக்கு எஸ்.எஸ்.தான்.

அத்தை: அப்போது அம்மாவின் ஃபில்டர்?

சித்தப்பா: அது தகட்டில் செய்து ஈயம் பூசினது அக்கா. அது வெள்ளீயம், நான் சொன்னது காரீயம். அந்த ஈயம் வேற, இந்த ஈயம் வேற.

அத்தை: அதில் குடித்துத்தான் அப்பா நல்லபடியாக இருந்தார்.

பெரியப்பா: பழைய ஈயப் பாத்திர ரசம் மாதிரி வருமா.

விக்னேஷ்: சின்ன மாமா, நீங்கள் செய்கிறது ஸ்பிரிங் இல்லாமல் வெறும் கட்டையாக இருக்குமே. சமமாக அமுக்க மாமாவுக்குக் கை பழகணும்.

சித்தப்பா: மேலே ஒரு காலர் போட்டால் விளிம்பில் உட்காருமில்ல? நீ படத்தை அனுப்பு மாப்ளே, நான் அதே மாதிரி செய்து காட்டுகிறேன்.

விக்னேஷ்: அனுப்புகிறேன். கூடவே மெல்லிசான ஊசி நாலைந்தை ஒரு கார்க்கில் குத்திக் கொடுங்க. அமுக்குவதற்கு முன்னால் தூளை அதனால் கிளறிவிட்டால் கட்டி உடைந்து ஒரே சீராகப் பரவும். 2005-இல் ஜான் வைஸ் என்பவர் சொன்ன முறை. கடையில் இதையே பெரிய விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீங்க.

சித்தி: ஊசி என்னிடம் இருக்கு. டெய்லரிங் டப்பாவில்.

பெரியம்மா: காபியில் ஊசியா? குழந்தைகள் வருகிற வீடு.

தீபா: எனக்கு ஒரு சந்தேகம். வருகிறவர்களில் ஒருத்தர்தானே எஸ்பிரெசோ? மற்றவர்களுக்கு என்ன?

பெரியம்மா: ஃபில்டர் காபி. அதுதான் காபி. மெஷினை ஹாலுக்குக் கொண்டு வரக் கூடாது என்று இவரிடம் சொல்லியாச்சு.

பெரியப்பா: ஹாலில் பிளக் பாயிண்ட் இருக்கு.

பெரியம்மா: இருக்கட்டும்.

இரவு 11:40

ராஜி அக்கா: 20 நிமிஷம் இருக்கு. நான் என்ன செய்ய? ஸ்பிரிங் 51 போடுவதா, வேண்டாமா?

விக்னேஷ்: போடுங்க. பாஸ்கெட்டும். டேம்பரை ஹேண்ட் லக்கேஜில் வைக்காதீங்க, எதற்கு வம்பு, செக்-இன்னில் போட்டுடுங்க.

சித்தப்பா: தேவையில்லை ராஜி. கம்பியை அறுத்தாச்சு.

ராஜி அக்கா: சித்தப்பா, இந்த நேரத்திலா?

சித்தி: வீட்டுக்கு வரவில்லையே என்று இப்போதுதான் நினைத்தேன். அங்கே தோசை, இங்கே இட்லி எல்லாம் ஆறிப் போச்சு.

பெரியப்பா: இரண்டும் இருக்கட்டுமே.

ராஜி அக்கா: அப்படியென்றால் ஆர்டர் போடட்டுமா அப்பா?

பெரியப்பா: 👍

ராஜி அக்கா: இந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்

விக்னேஷ்: போடச் சொல்கிறார். சிக்கரி இல்லாத கொட்டை நான் பெங்களூரிலிருந்து கொண்டு வருகிறேன், சிக்மகளூர். அரைத்து எடுத்து வரட்டுமா?

பெரியப்பா: கொஞ்சம் சிக்கரி சேர்த்து அரை மாப்பிள்ளை.

விக்னேஷ்: மாமா 🙏

ராஜி அக்கா: பாஸ்கெட் போட்டாச்சு. டேம்பர் கார்ட்டில் இருக்கு. சித்தப்பா காலருக்குப் பொறுப்பா?

சித்தப்பா: சனிக்கிழமை மதியத்துக்குள் கையில். அண்ணன் வந்து வாங்கிக்கணும். நான் வடவள்ளிக்கு இனி வர மாட்டேன், தோசை அரை டஜன் ஆயிடுச்சு.

பெரியம்மா: நாலுதான்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமைக்கு கோபியில் இருந்து பால் எத்தனை லிட்டர் கொண்டு வரட்டும்? ரெண்டு தடவை கேட்டாச்சு, யாரும் பதில் சொல்லலை.

தீபா: எங்கே கேட்டீங்க அத்தை?

அத்தை: இன்னொரு குரூப்பில்

பெரியம்மா: எந்தக் குரூப்?

அத்தை: காலையில் பேசலாம் அண்ணி. தூக்கம் வருது.